களையெனக் கழித்த கணக்கு

காடு இல்லை, அரியவகைத் தாவரம் இல்லை, பயிரும் களையும் மட்டுமே காணப்படுகின்றன!

நீர் பாய்ந்து நெல் விளையும் நிலத்திலே சுரங்கம் தோண்டத் திட்டம் வகுப்போர் நீட்டும் ஆய்வேடுகளில், தாவரம் பற்றிய பகுதியைப் புரட்டினால், இந்தக் கருத்தைத்தான் பல வடிவங்களில் படிக்கிறோம். படித்தவர் தலையசைக்கின்றனர்; அதிகாரி ஒப்பமிடுகிறார்; அடுத்த பக்கம் புரளுகிறது. சில ஆண்டுகள் சென்றபின், மண்ணும் புரளுகிறது — கீழே கிடந்தது மேலாக, மேலே வாழ்ந்தது கீழாக!

இல்லை, இல்லை என்று இருமுறை கூறிவிட்டு, ‘மட்டுமே’ என்ற ஒரு சொல்லால் கதவைச் சாத்திவிடுகின்றனரே, அந்த ‘மட்டுமே’ என்ற சொல்லுக்குள்ளே அடைபட்டுக் கிடப்பவை எவை? அடைபட்டுக் கிடப்பவர் எவர்? இதைத்தான் இங்கே எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். சுரங்கமே ஆகாது என்று சூளுரைக்க வந்தோமில்லை. கணக்கு சரிதானா என்று கேட்க வந்திருக்கிறோம். கணக்குக் கேட்பது குற்றமாகாது. கணக்குக் கேட்க அறியாதிருந்ததால் அன்றோ இந்நாட்டு ஏழை, பாட்டன் காலத்திலிருந்து பேரன் காலம்வரை ஏமாந்து நின்றான்!

* * *

முதலில், எண்ணும் முறை.

2006ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையே இதற்கு அடிப்படை. சுரங்கம் அமையும் பரப்பை மையப்பகுதி என்றும், அதைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் தொலைவைச் சூழ்பகுதி என்றும் வகுத்துக்கொண்டு, இரண்டிலும் உள்ள செடி, கொடி, மரம், பறவை, விலங்கு யாவற்றையும் பட்டியலிட வேண்டும். ஆய்வாளர் தரையிலே சதுரங்கள் அமைக்கிறார். புல் பூண்டுக்கு ஒரு மீட்டர்ச் சதுரம். புதருக்கு ஐந்து மீட்டர். மரத்துக்குப் பத்து மீட்டர். இந்த அளவில் அமைத்து, உள்ளே எத்தனை வகை, வகைக்கு எத்தனை என்று எண்ணுகிறார். எண்ணியதை ஒரு சூத்திரத்தில் இட்டு, ஓர் எண்ணாக வடித்தெடுக்கிறார். வகை பெருகினால் எண் உயரும். ஒரே வகை நிறைந்திருந்தால் எண் தாழும்.

காட்டை அளக்க ஏற்ற கோல் இது, மறுக்கவில்லை. ஆனால், வயலை இதே கோலால் அளந்தால்? ஊருக்குச் சோறிடவேண்டும் என்று உழவன் தன் நிலத்தை ஒரே பயிரால் நிறைத்தான். நிறைத்த காரணத்தாலேயே அவன் நிலம் ‘குறைந்த எண்’ பெறுகிறது! களஞ்சியத்தைத் திறந்து பார்த்த ஒருவர், “உள்ளே நெல் மட்டுமே இருக்கிறது, கண்காட்சிக்குரிய பொருள் ஏதும் காணோம், ஆகையால் இது வெறும் அறை” என்று எழுதிவிட்டுப் போனால், அவரை என்னவென்று அழைப்போம்?

அடுத்தது, எண்ணும் காலம்.

சுரங்கத் திட்டங்களுக்கு வகுக்கப்பட்ட ஆய்வு வரையறைகளின்படி, ஒரு பருவம் பார்த்தால் போதும். அதுவும் மழையில்லாப் பருவமாக இருக்கவேண்டும். மார்ச் முதல் மே வரை கோடை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்குப் பிந்திய பருவம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர்காலம். இவற்றுள் ஒன்று.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்குப் பிந்திய பருவமாம்! எவருக்கு? தென்மேற்குப் பருவக்காற்றால் நனைந்து, செப்டம்பரில் குடையை மடக்கி வைத்துவிடும் வடபுலத்தாருக்கு. ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழை என்று அறியாத குழந்தை நம் ஊரில் உண்டா? ஏரி நிரம்புவது அப்போது; கலங்கல் வழிவது அப்போது; சம்பா பச்சைப் பசேலெனத் தலைநிமிர்வது அப்போது. நம் வானம் வேறு, விதி எழுதியவர் கண்ட வானம் வேறு.

கோடையைத் தேர்ந்தெடுத்து ஆய்வாளர் வந்தாரானால், பல இடங்களில் அவர் காண்பது அறுவடை முடிந்த தாளும் வெடிப்பு விட்ட தரையுமே. நமது திருவள்ளூர் மாவட்டத்திலே சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் உண்டு. காவிரிப் பக்கம் குறுவை, சம்பா, தாளடி என்பர். ஒவ்வொரு பட்டத்திலும் பயிரோடு உடன்பிறந்து, உடன்வளர்ந்து மறையும் செடிகள் வெவ்வேறு. சேற்றிலே நான்கு இலை விரித்து நிற்கும் ஆரைக்கீரை, நீர் வற்றியதும் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் உறங்கிவிடும். மறுபடி நீர் வந்தால் விழித்துக்கொள்ளும். உறங்கும் நேரத்தில் வந்து, “ஆளில்லை” என்று எழுதிக்கொண்டு போவது கணக்கெடுப்பாகுமா?

* * *

நாம் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடைப்பட்ட பகுதியில் வாழ்பவர். ஏரியின் கீழ் அமைந்த நஞ்சையின் வாடை நமக்குப் புதிதல்ல. நம் குடும்பத்துக்கும் அவ்வாறு ஓர் ஏரியின் மதகு நீர் பாயும் சிறு துண்டு நிலம் இருந்தது. நட்ட இருபதாம் நாளையொட்டிக் களையெடுப்பு நடக்கும். ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த சேரியிலிருந்து ஆதிதிராவிடப் பெண்கள் வரிசையாக வருவர்; முழங்கால் அளவு சேற்றிலே, குனிந்த முதுகு நிமிராமல் பகல் முழுதும் நிற்பர். மாலையில் கரையேறும்போது ஒவ்வொருத்தி மடியும் கனத்திருக்கும்.

மடியில் என்ன? களை!

“களையைப் போய் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறாயே, ஆயா?” என்று சிறுபிள்ளையாக இருந்த நாம், அவர்களுள் மூத்தவரான ஒரு கிழவியைக் கேட்டதுண்டு.

“உங்க நெல்லுக்கு இது களை, கண்ணு. எங்க சட்டிக்கு இதுதான் கறி” என்றார் அந்த மூதாட்டி.

சட்டிக்குக் கறி! ஆரைக்கீரை, பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி, வல்லாரை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். இது கண்ணுக்கு நல்லது என்பார். இது பிள்ளை பெற்றவளுக்கு என்பார். வரப்பு ஓரத்துக் கீழாநெல்லியை மஞ்சட்காமாலைக்கு என்று சிலர் தேடிவந்து வாங்கிப்போவர். வாய்க்காலோரம் முள்ளோடு நிற்கும் நீர்முள்ளி, காய்ந்த மேட்டிலே குப்பைமேனி, கால் வைக்கும் இடமெல்லாம் அருகு. அந்த அருகும் கோரையும் கட்டுக்கட்டாகப் போய்ச் சேர்வது மாட்டின் வாய்க்கு. அது பாலாகித் திரும்புவது, நிலமில்லாதவள் வீட்டுக் கைக்காசாக. வயலுக்கு உரம்? வேம்பு, புங்கு, பூவரசு, எருக்கு, கொளுஞ்சி ஆகியவற்றின் தழையை ஒடித்துச் சேற்றில் மிதித்தால் அதுவே உரம். அந்த மரங்கள் நின்றதும் வரப்பிலும் வாய்க்கால் கரையிலுந்தான்.

அந்தக் கிழவிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் ஒரு மீட்டர்ச் சதுரம் எதுவுமில்லாமல், ஆண்டு முழுவதற்கும் உரிய தாவரப் பட்டியல் ஒன்றைத் தம் விரல் நுனியில் வைத்திருந்தார். எது எப்போது முளைக்கும், எவ்வளவு நீரில் அழுகும், எதைத் தின்றால் மாடு கழியும், எந்தக் கீரை குறைந்து வந்தால் மண்ணில் உப்பேறுகிறது என்று பொருள் — அத்தனையும் அவர் அறிவார்.

பின்னொரு நாளில், பொதுவேலை ஒன்றுக்காக அந்நிலம் எடுக்கப்பட்டது. மதிப்பிட ஒருவர் வந்தார், வரப்பிலே நின்றார், செருப்பைக் கழற்றவில்லை. அவர் ஏட்டிலே எழுதியது இவ்வளவே: தென்னை 2, பனை 3, வேம்பு 1, இதர.

இதர! சட்டிக்குக் கறியானது, மாட்டுக்குத் தீனியானது, மருந்தானது, உரமானது — அத்தனையும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டன. ‘இதர’ என்பதற்கு நேரே விலைக் கட்டத்தில் ஒரு கோடு. தென்னைக்கு உரிய தொகை நமக்கு வந்தது. களையெடுத்த பெண்களுக்கு வந்தது அந்தக் கோடு.

* * *

இந்தப் புறநகர் முழுவதுமே அத்தகைய கோடுகளின்மீது எழுந்ததுதான். அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி, பருத்திப்பட்டு, போரூர், செம்பரம்பாக்கம் என்று ஏரிகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே போகலாம். ஏரி இருந்தால் அதன் கீழே ஆயக்கட்டு இருந்தது என்று பொருள். 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. அதே பத்தாண்டிலே ஆவடியில் டாங்கிகள் செய்யும் ஆலை எழுந்தது. ஆயிரமாயிரம் இளைஞருக்கு, குலத்தொழில் என்ற தளையை அறுத்துக்கொண்டு வெளியேற வழி பிறந்தது. அதை வரவேற்கிறோம். வயலில் குனிந்து கிடந்தவன் பிள்ளை, எந்திரத்தின்முன் நிமிர்ந்து நிற்பதைக் கண்டு களிக்காதவர் மனிதரா! ஆனால், எதைக் கொடுத்து எதைப் பெற்றோம் என்ற கணக்கு எழுதப்படவேயில்லை. செங்கல்லுக்கும் மனைமேட்டுக்கும் மண் வெட்டி எடுக்கப்பட்ட வயல்கள் எத்தனை என்று எவரும் எண்ணி வைக்கவில்லை.

தோண்டிய இடம் சும்மா இருக்காது; ஒரு நாள் நம்மிடமே பேசும். மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்திலே கல் வெட்டி எடுத்துக் கைவிடப்பட்ட குவாரிகள் உள்ளன. 2017ஆம் ஆண்டு வறட்சியில் சென்னை நா வறண்டு தவித்தபோது, அந்தக் குழிகளிலே தேங்கிய நீரை இறைத்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து, நகருக்கு ஊட்டினர். 2019இல் மீண்டும் அதே நிலை. ஏரி வறண்டதும் குவாரிக் குழியை நாடிய நகரம் நம் நகரம்.

அதுவும் போதாது என்றுதான், 2004ஆம் ஆண்டிலேயே, தெற்கே கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து ஏறத்தாழ 230 கிலோமீட்டர் தொலைவுக்குக் குழாய் பதித்து, போரூருக்கு நீரைக் கொண்டுவந்து சேர்த்தனர். சேத்தியாத்தோப்பில் இறைத்து, நெய்வேலிக்கு அருகே வடக்குத்தில் சுத்தம் செய்யப்படும் நீர் அது. நாம் விளக்கை ஏற்றினால் அதிலே நெய்வேலியின் மின்சாரமும் கலந்திருக்கிறது. குழாயைத் திறந்தால் அதன் அண்டையூர்த் தண்ணீர் வருகிறது. ஆகவே, நெய்வேலிப் பக்கத்து வயலைப் பற்றிப் பேச அம்பத்தூர்க்காரனுக்கு என்ன உரிமை என்று கேட்பவருக்கு, “உரிமை மட்டுமன்று, கடன்!” என்று விடையளிக்கிறோம்.

* * *

நெய்வேலியில் தோண்டப்படுவது பழுப்பு நிலக்கரி. அது என்ன? அதுவும் தாவரந்தான்! கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நின்ற காடு, சதுப்பிலே சாய்ந்து, மண் மூடி, அழுந்தி, கரியாய் மாறிக் கிடக்கிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணற்றுக்குத் துளையிட்டபோது தலைகாட்டிய அந்தக் கரும்பொருள், 1956இல் ஒரு நிறுவனத்தைத் தோற்றுவித்தது. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961இல் கரி கண்ணில் பட்டது. 1962இல் மின்சாரம் பிறந்தது.

செத்த தாவரமாகிய அந்தக் கரியை எவ்வளவு கவனமாக மதிப்பிடுகிறார்கள் தெரியுமா? இடைவெளி அளந்து, துளைமேல் துளையிட்டு, ஒவ்வொரு துளையிலும் மண்ணின் அடுக்கைப் பெயர்த்தெடுத்து, எத்தனை மீட்டர் ஆழம், எத்தனை மீட்டர்த் தடிப்பு, ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, எரித்தால் எழும் வெப்பம் எவ்வளவு என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து குறிக்கின்றனர். ஒரு டன் பிசகக் கூடாது! அதே மண்ணின்மேல் உயிரோடு நிற்கும் தாவரத்துக்கோ, ஒரு பருவம், ஒரு சதுரம், ஒரு ‘மட்டுமே’. மாண்டவற்றுக்கு மகுடம், வாழ்வனவற்றுக்கு ஒரு கோடு!

2023ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியிலே நாடு கண்ட காட்சியை மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டாம் சுரங்கத்தின் விரிவுக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய் வெட்டவேண்டும். மொத்தம் 12 கிலோமீட்டர். எஞ்சியிருந்தது ஒன்றரைக் கிலோமீட்டர். அந்த ஒன்றரைக் கிலோமீட்டரில் நெற்பயிர் நின்றது. மண்வாரி எந்திரங்கள் காவல்துறையின் துணையோடு அந்தப் பச்சைக்குள் இறங்கின.

நிறுவனம் தன் வாதத்தைக் கூறிற்று: நிலம் 2006 முதல் 2013 வரையிலான ஆண்டுகளிலேயே எடுக்கப்பட்டுவிட்டது, பயிரிடவேண்டாம் என்று முன்பே சொன்னோம், மழைக்கு முன் கால்வாயை முடிக்காவிடில் வெள்ளம் புகும். வாதத்தில் பொருள் இல்லை என்று சொல்லமாட்டோம். ஆனால், வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தின்முன் வந்தபோது, அறுவடைவரை இரண்டு மாதம் பொறுக்கக் கூடாதா என்று நீதிபதி எம். தண்டபாணி கேட்டார், பயிர் அழிக்கப்பட்ட காட்சி தம்மைக் கண்ணீர் சிந்த வைக்கும் அளவுக்கு வருத்தியது என்றார். பின்னர் ஏக்கருக்கு ரூ. 40,000 இழப்பீடு தர ஆணை பிறந்தது.

40,000 ரூபாய், நெல்லுக்கு. பயிரிட்டவர் கைக்கு அது போய்ச் சேரவேண்டியதுதான். குறைவு என்றுகூட வாதாடலாம். நமது கேள்வி வேறு. அந்த வயலிலே அடுத்த மாதம் கதிர் அறுக்கப் போகவிருந்த பெண்ணின் கூலி, அவள் மடியில் வரவிருந்த கீரை, அவள் மாட்டுக்கு வரவிருந்த வைக்கோலும் புல்லும் எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டன? ஆணடிமை பெண்ணடிமை போக்கப் பிறந்த நாட்டிலே, அவள் இழப்பு இன்னும் ‘இதர’தானா?

* * *

சட்டம் என்ன சொல்கிறது? 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின் பத்தாம் பிரிவு நல்ல பிரிவு. நீர்ப்பாசனம் பெற்று ஒரு போகத்துக்குமேல் விளையும் நிலத்தை எடுக்கலாகாது. வேறு வழியே இல்லை என்ற நிலையில், கடைசி வழியாக மட்டுமே எடுக்கலாம் என்கிறது. கேட்கச் செவி குளிர்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 105ஆம் பிரிவும் நான்காம் அட்டவணையும், 1957ஆம் ஆண்டு நிலக்கரி நிலச் சட்டம் உள்ளிட்ட பதின்மூன்று சட்டங்களை அந்த வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டன. நம் மாநிலத்தின் 1997ஆம் ஆண்டுத் தொழில் நிலமெடுப்புச் சட்டமும் தனி வழியிலேயே நிற்கிறது. அதற்குப் புத்துயிர் தந்த சட்டத்தை 2021இல் உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வேலி உண்டு, யானை வரும் பக்கம் மட்டும் வேலி இல்லை!

29ஆம் பிரிவு, மரம் செடிகளை மதிப்பிட வேளாண்மை, வனம், தோட்டக்கலை ஆகியவற்றில் பழகியவரை அழைக்கச் சொல்கிறது. களையெடுத்துப் பழகியவரை அழைக்கச் சொல்லவில்லை. பாதிக்கப்படும் குடும்பம் எது என்று கூறும் இடத்தில், மூன்றாண்டு அந்நிலத்தில் உழைத்த கூலித் தொழிலாளியையும் சேர்த்திருக்கிறது, பாராட்டுகிறோம். ஆனால் மெய்ப்பிக்க வேண்டுமே! நிலமுடையவரிடம் பட்டா இருக்கிறது. அவளிடம் இருப்பது சேறு தின்ற விரல். காட்டிலே பொருள் சேகரித்து வாழ்பவரையும், நீர்நிலையை நம்பி மீன் பிடிப்பவரையும் சட்டம் பெயர் சொல்லி அழைக்கிறது. வரப்பிலே கீரை பறிப்பவளை அழைக்கும் சொல் அதில் இல்லை.

அரியது என்றால் தேடுகிறார்கள். எளியது என்றால் தள்ளுகிறார்கள். செடியிலும் இதே நீதி, மனிதரிலும் இதே நீதி. ஏட்டிலே செடிக்கு ‘இதர’ என்று எழுதும் கைதான், ஊரிலே மனிதருக்கு ‘மற்றவர்’ என்று எழுதி வைத்தது.

* * *

இந்த நீதி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு, மதுரையை அடுத்த மேலூர் வட்டாரம் சான்று. பெரியாற்று நீர் பாயும் பூமி அது. 2024 நவம்பர் 7ஆம் நாள், அங்கே நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் 2,015.51 ஹெக்டேர் ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட்டது. அந்தப் பரப்புக்குள்ளே அரிட்டாபட்டி இருந்தது. 2022 நவம்பரில் தமிழக அரசால் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட 193.42 ஹெக்டேர் அங்கே இருந்தது; வல்லூறுகளும் தேவாங்கும் எறும்புதின்னியும் வாழும் குன்றுகள் இருந்தன.

எதிர்ப்பு எழுந்தது. டிசம்பர் 9ஆம் நாள் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அந்த மாத இறுதியில் மத்திய அரசு என்ன சொல்லிற்று? மரபுத் தலத்தை மட்டும் விலக்கி எல்லையை மறுஆய்வு செய்யலாம் என்றது. அதாவது, 193 ஹெக்டேரைக் காப்பாற்றலாம்; எஞ்சிய ஆயிரத்து எண்ணூறுக்கு மேற்பட்ட ஹெக்டேரில் உள்ள வயலும் தோப்பும் ஊரும்? அவை ‘மட்டுமே’ கணக்கில்!

ஊர் மக்கள் அதற்கு இணங்கவில்லை. அரிட்டாபட்டிக்காரர், “எங்கள் குன்று தப்பிற்று” என்று விலகிப் போகவில்லை. வயல்வெளிக்காரர், “உங்கள் எறும்புதின்னியால் எங்களுக்கென்ன” என்று முகம் சுளிக்கவில்லை. 2025 ஜனவரி 7ஆம் நாள் பல்லாயிரவர் மதுரை நோக்கி நடந்தனர். ஜனவரி 23ஆம் நாள் ஏலம் முழுதுமாக நீக்கப்பட்டது.

இதிலே நமக்கு இரண்டு பாடம். முன்கூட்டி எண்ணி எழுதப்பட்ட ஏடு, இடர் வந்தபோது கேடயமாயிற்று என்பது ஒன்று. அந்தக் கேடயம் அரியவற்றின் அளவுக்கே வெட்டப்பட்டிருந்தது. எளியவற்றை மக்கள் தங்கள் உடலால் மறைத்துக் காக்கவேண்டியதாயிற்று என்பது மற்றொன்று. ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு முறையும் மதுரை வரை நடந்துகொண்டே இருக்க முடியுமா?

* * *

“மின்சாரம் வேண்டாமா? கனிமம் வேண்டாமா? கீரைக்காக நாடு இருளில் கிடக்கவேண்டுமா?” என்று கேட்பர். கேட்கட்டும். அம்பத்தூரிலே கடைசல் எந்திரம் சுழலும் ஓசையில் துயில் எழுபவர் நாம்; இருளை வேண்டுவோமா! எடுப்பதற்கு முன் எண்ணுங்கள், முழுதாக எண்ணுங்கள், எண்ணத் தெரிந்தவரை வைத்து எண்ணுங்கள் என்பதே நம் வேண்டுகோள். முழுக் கணக்கையும் பார்த்தபின்னும் சுரங்கமே ஆதாயம் என்று தெரியுமானால், அந்த ஆதாயத்தில் எவருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதும் அதே கணக்கில் தெரிந்துவிடும்.

எவ்வாறு எண்ணுவது? நட்டது முதல் அறுத்தது வரை, எல்லாப் பட்டங்களையும் சேர்த்து ஓர் ஆண்டு முழுதும் எண்ணுக. நம் மழைக்காலத்தை மழைக்காலம் என்றே ஒப்புக்கொள்க. தாவரவியல் கற்ற இளைஞர் வரட்டும். அவர் பக்கத்திலே களையெடுக்கும் பெண் ஒருத்தி, கூலிக்காரியாக அன்று, மதிப்பீட்டாளராக, அதற்குரிய ஊதியத்தோடு நிற்கட்டும். அவர் லத்தீன் பெயரை எழுதுக. அவள் தமிழ்ப் பெயரைச் சொல்லுக. ‘இதர’ என்ற கட்டத்தைக் கிழித்தெறிந்து, அவ்விடத்திலே மூன்று கட்டம் கீறுக: எதற்குப் பயன், எவருக்குப் பயன், இது இல்லாவிடில் அவர் கடையில் என்ன விலை கொடுப்பார்.

செடி நிற்கும் மண்ணையும் எண்ணுக. மேல்மண்ணை வாரி வைத்துப் பிறகு பரப்பிவிடுவோம் என்கின்றனர். நஞ்சை என்பது வாரி வைக்கத்தக்க பொருளன்று. தலைமுறைக்கணக்கில் சேறு கலக்கிக் கலக்கி, ஏர் செல்லும் ஆழத்துக்குக் கீழே இறுகிய ஓர் அடுக்கு உருவாகியிருக்கிறது. அதுதான் நீரைக் கீழே விடாமல் தாங்கிப் பிடிக்கிறது. அதை உடைத்தால், மேலே எத்தனை வண்டி மண் கொட்டினாலும் அது பழைய நஞ்சையாகாது.

இன்னொன்று, நம் கையிலேயே இருப்பது. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ், ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதவேண்டும். அந்தப் பதிவேட்டின் படிவங்களில் பயிருக்கு ஒன்று, தீவனத்துக்கு ஒன்று என்பதோடு, களைகளுக்கென்றே தனிப் படிவம் உண்டு. அவற்றின் பயனை எழுத இடமும் உண்டு. கட்டம் போட்டுத் தந்திருக்கிறார்கள். நிரப்புவது நம் வேலை. துளையிடும் எந்திரம் ஊர் எல்லைக்கு வந்தபின் எழுதினால், அது வழக்குக்காக எழுதியது என்பார்கள். வருவதற்கு முன்பே எழுதிவிட்டால், அது ஊரின் சொத்து.

ஆய்வேடும் தமிழில் வரட்டும். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு இன்று தமிழில் தரப்படுவது சுருக்கம் மட்டுமே. நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஆங்கிலத்தில் இருக்க, சில தாள்களைத் தமிழில் நீட்டி, “ஆட்சேபணை உண்டா?” என்று கேட்பது, பந்தியில் இலையைக் காட்டிவிட்டுப் பசி தீர்ந்ததா என்று கேட்பதற்கு ஒப்பாகும். தன் வயலின் செடிக்கு என்ன பெயரிட்டு, என்ன மதிப்பிட்டிருக்கிறார்கள் என்பதை உழவனும், களையெடுப்பவளும் தம் மொழியில் படித்து, “தவறு! திருத்து!” என்று சொல்லத்தக்க நிலை வரவேண்டும்.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி இளைஞர்களே! நம்மைச் சுற்றி இன்னும் சில ஏரிகளின் கீழே சில துண்டு வயல்கள் பசுமையோடு நிற்கின்றன. இந்த ஐப்பசியிலே ஒரு குறிப்பேட்டோடு அங்கே செல்லுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பிலே ஏறுங்கள். களையெடுக்கும் அன்னையரிடம் ஒவ்வொரு செடியாகக் காட்டிப் பெயர் கேளுங்கள், பயன் கேளுங்கள், கேட்டதை எழுதி, ஊரின் பதிவேட்டிலே சேருங்கள். அவர்களுடைய பெயரையும் உடன் எழுதுங்கள். இந்நாட்டின் ஏடுகளில் அவர்கள் பெயர், கடன் பத்திரத்தின் அடியிலே கைநாட்டுக்குப் பக்கத்தில் மட்டுமே இதுகாறும் எழுதப்பட்டு வந்தது. அறிவுடையோர் பட்டியலில் அது எழுதப்படும் முதல் இடம், நீங்கள் எழுதும் அந்தப் பக்கமாக இருக்கட்டும்!